‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி, 14 ஜூன் 2024

அக்கா, பாப்பாவுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளியில் நாங்கள் சொல்லவில்லை. திறந்து ஐந்து நாள்தான் ஆகிறது, இன்றைக்குத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, “ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறா, மத்த பேரன்ட்ஸ் கேக்கறாங்க, டி.சி. வாங்கிக்கோங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க” என்றார். சண்டை போட்டால் பிள்ளை மேல்தான் காட்டுவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். சண்டை போடுவதா, பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதா? நாங்கள் இருப்பது கொருக்குப்பேட்டை.

14 ஜூன், இரவு

டி.சி. வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். எந்தத் தாளிலும் கையெழுத்தும் போடாதீர்கள். “விருப்பத்தின்பேரில் விலகுகிறோம்” என்று ஒரு வரி அதில் இருந்தால் பிறகு நாம் என்ன சொன்னாலும் எடுபடாது.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது, 16-வது பிரிவு. உட்காரவில்லை, பேசவில்லை, மற்ற பெற்றோர் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு விலக்கு கிடையாது.

செவ்வாய்க்கிழமை போங்கள். “நீங்கள் சொன்னதை எழுதிக் கொடுங்கள், வீட்டில் காட்ட வேண்டும்” என்று மரியாதையாகக் கேளுங்கள். என் மகனுக்கு இதையே சொன்ன பள்ளி, எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட நாளோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

15 ஜூன், காலை

ராத்திரி அவசரமாக எழுதினேன். இப்போது கொஞ்சம் நிதானமாக.

என் மகனுக்கு இப்போது 13. எட்டாம் வகுப்பு. நாங்கள் காலடிப்பேட்டை. முதல் பள்ளி ஒரு வருடம் முடியாமலே எங்களை வெளியே தள்ளப் பார்த்தது; இழுத்துப் பிடித்து அந்த வருடத்தை முடித்தோம். இரண்டாவது பள்ளியில் இடம் கேட்கப் போனபோது நான் ஒரு தந்திரம் செய்தேன், அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவனுக்கு ரயில் என்றால் உயிர். தலைமை ஆசிரியர் அறையில் அவனை நிற்கவைத்து, “சாருக்கு ஸ்டேஷன் பேர் சொல்லு” என்றேன். சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஆரம்பித்து கும்மிடிப்பூண்டி வரை மூச்சுவிடாமல் சொன்னான். அவர் மீஞ்சூரிலிருந்து தினம் அதே ரயிலில் வருகிறவர். சிரித்துக்கொண்டே தண்டையார்பேட்டைக்கு அப்புறம் திருவொற்றியூர்தானே என்று கேட்டுப் பார்த்தார். “வ.உ.சி. நகர விட்டுட்டீங்க சார்” என்றான் இவன். இடம் கிடைத்துவிட்டது.

அதனால் பாப்பாவுக்கு எது நன்றாக வருமோ அதைப் பள்ளியில் காட்டுங்கள். பாட்டோ, படமோ, கணக்கோ. குறையை மட்டும் பார்த்தவர்களுக்கு வேறொன்றைக் காட்ட வேண்டும்.

15 ஜூன், மாலை

வீட்டுக்காரர் பயப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் முதல் கடிதம் கொடுத்த பிறகு ஒரு மாதம் என் மகனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். தினம் பை மாட்டி அனுப்பும்போது வயிறு கலங்கும். ஆனாலும் கடிதம் கொடுக்காமல் இருந்த வருடம் அதைவிட மோசம். நோயைச் சொல்லாமல் மறைத்திருந்தோம். (நோய் என்று எழுதிவிட்டேன், இத்தனை வருடம் கழித்தும் கை அப்படித்தான் போகிறது. நோய் இல்லை. மூளை வளர்ந்த விதம்.) சொல்லாததால் ஆசிரியைக்கு அது திமிராகத் தெரிந்தது. ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறான். அந்த அடிக்கு நானும் பொறுப்பு.

பள்ளியில் சொல்லிவிடுங்கள்.

17 ஜூன்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுத்தாயிற்றா என்று கேட்டதற்கு, “முத்திரை குத்திவிடுவார்கள் என்று எடுக்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். நாத்தனார் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், “இப்ப எதுவும் வெளிய தெரிய வேணாம்” என்றார்கள். அந்தக் கல்யாணம் நடந்து அவளுக்கே பிள்ளை பிறந்துவிட்டது. என் மகனுக்குப் போன இரண்டு வருடம் போனதுதான்.

எடுக்கப் போகும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-ஐத் தொட வேண்டும். அப்போதுதான் ஆட்டிசம் என்று கணக்கு, சான்றிதழில் 40 சதவீதம்.

அந்த அறையில் எதிரே ஒரு அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே எழுதுகிறார். கண்ணைப் பார்த்துப் பேசுவானா? “பார்ப்பான் மேடம்.” கூட விளையாடுவானா? “கூப்பிட்டா போவான்.” தனியாகச் சிரிப்பானா? “எப்பவாச்சும்.” யாரோ நம் பிள்ளையைக் குறை சொல்கிற மாதிரி இருக்கிறது, வாய் தானாக விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது. மூன்று நிமிடமாக அவன் மேசைக்கு அடியில் என் செருப்பின் வாரைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான், நான் மேலே “நல்லா உக்காருவான் மேடம்” என்கிறேன். 66 வந்தது. சான்றிதழ் இல்லை. மறுபடி போய் உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்க எட்டு மாதம் ஆனது.

முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எதைப் பார்த்தால் அலறுகிறாள், எத்தனை தடவை கூப்பிட்டால் திரும்புகிறாள். எழுதும்போது அழுகை வரும். அழுதுவிட்டு எழுதுங்கள். அறையில் அதைப் பார்த்துப் படித்தால் போதும்.

40 சதவீதம் இல்லாமல் பள்ளியில் எதுவும் கேட்க முடியாது, அதனால் முதல் வேலை இதுதான்.

19 ஜூன்

மேலே கடைசி வரி தப்பு. திருத்துகிறேன்.

பள்ளியில் இருக்கும் உரிமைக்கு 40 சதவீதமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, பிள்ளைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்துகொடுக்க வேண்டும் என்கிறது, அதிலும் சதவீதக் கணக்கு இல்லை. (இரண்டு சட்டத்திலும் 16-தான், நினைவில் வைக்க எளிது.) 40 சதவீதம் வேண்டியது வேறு விஷயங்களுக்கு: 18 வயது வரை இலவசக் கல்வி என்கிற 31-வது பிரிவு, உதவித்தொகை மாதிரியானவை. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு, இவற்றுக்கும் தாள் கேட்பார்கள். அதனால் சான்றிதழ் எடுங்கள். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பழைய 1995 சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. ஏழு வகைதான் இருந்தது. 2016-ல்தான் 21 ஆக்கினார்கள். சில அலுவலகங்களில் இன்னும் அந்த ஏழோடு நிற்கிறார்கள்.

23 ஜூன், ஞாயிறு

இந்த இழையைப் படித்துவிட்டு எர்ணாவூரிலிருந்து ஒரு அம்மா தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். மகனுக்கு 9 வயது, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. பேச்சு இல்லை. பள்ளி வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். இதுவரை சேர்க்கவில்லை. அவர் எழுதிய ஒரு வரி:

“நீங்க ஸ்டேஷன் பேர் சொல்ல வெச்சீங்க அக்கா, எம் புள்ளகிட்ட காட்றதுக்கு ஒண்ணும் இல்லியே.”

அதைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

15-ஆம் தேதி சொன்ன யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது தப்பான யோசனை. என் மகனை அன்றைக்கு நான் ஒரு நாற்காலிக்கு முன்னால் நிற்கவைத்து வித்தை காட்டவைத்தேன். இடம் கிடைத்த சந்தோஷத்தில் இத்தனை வருடம் அது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே பள்ளியில் சேர எதையும் காட்டவில்லை. பெயர் எழுதினார்கள், பணம் கட்டினார்கள், சேர்ந்தது. என் பிள்ளை மட்டும் ஏன் கும்மிடிப்பூண்டி வரை போய்வர வேண்டும்?

இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வருகிறது. அவன் சேர்ந்த அடுத்த வருடம் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண் பிள்ளைக்கு அங்கேயே இடம் கேட்டார்கள். “அந்தப் பையன் பிரில்லியன்ட்மா, அதனால எடுத்தோம்” என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த அம்மா என்னிடமே வந்து சொன்னார். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். என் பிள்ளை திறந்த கதவு அந்தப் பெண்ணின் முகத்தில் மூடியது, நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பூரித்துப்போய் நின்றேன்.

கொருக்குப்பேட்டைத் தங்கைக்கு: பாப்பா நன்றாக வரைவாள் என்று எழுதியிருந்தீர்கள். வரையட்டும், நல்லது. அந்தப் படங்களைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வயது 7, வீடு இந்தத் தெரு, அவ்வளவு போதும்.

24 ஜூன்

எர்ணாவூர் அம்மாவுக்கு. மகன் கண்ணால் சொல்கிறான், தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்க்கிறான், வேண்டாமென்றால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்களே. அதைப் பள்ளியிடம் சொல்ல வேண்டும், ஆனால் இடம் வாங்குவதற்காக இல்லை, ஆசிரியை அவனோடு பேசுவதற்காக.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற ஏற்பாடும் உண்டு. அதைக் காட்டி “வீட்டிலேயே இருக்கட்டுமே” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகனால் வர முடியும். தடுப்பது வாசலில் இருக்கும் மூன்று படிதான்.

6 ஜூலை

பள்ளியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிற சத்தம் தெரியும்தானே. ஏர் ஹாரன் அடித்தால் என் மகன் ரோட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவான். சின்ன வயதில் கூட்டம் கூடும். “புள்ளய அடிச்சியா?”, “பேய் கீய் புடிச்சிருக்கா?”, “தர்காவுல போய் மந்திரிச்சிட்டு வா.” நான் தலைகுனிந்து தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

ஒருநாள் ஓடவில்லை. ஏன் என்று தெரியாது, கால் வலியாக இருந்திருக்கும். அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, நின்றவர்களைப் பார்த்து, “இவனுக்கு ஆட்டிசம். சத்தம் ரொம்ப பெருசா கேக்கும். அஞ்சு நிமிஷத்துல எழுந்துருவான். கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க” என்றேன். நகர்ந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் போய்ப் பாட்டை நிறுத்தினார்.

அதிலிருந்து தெருவில் ஒவ்வொருவராகச் சொன்னேன். இஸ்திரிக் கடை, மாவு மில், ஸ்டேஷன் வாசல் டீக்கடை. மளிகைக் கடையில் அவன் கேட்காமல் பிஸ்கட் எடுத்துவிடுவான், அண்ணாச்சியிடம் நூறு ரூபாய் முன்பணம் கொடுத்து, எடுத்ததை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவனுக்கும் அந்த நோட்டு பழகிவிட்டது, எழுதும்வரை நிற்கிறான்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அவனைக் காணவில்லை. கதவு திறந்து கிடக்கிறது. நானும் அவன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம், தெருவில் முழங்கால் தண்ணீர். இருபது நிமிடத்தில் போன். டீக்கடைக்காரர். “இன்னாமா பயந்துட்டியா, உம் புள்ள இங்கதான் கீறான். ரயிலு பாக்குறான். பால் குடுத்துருக்கேன், நீ மெதுவா வா.” கையில் சூடான டம்ளரைப் பிடித்தபடி கும்மிடிப்பூண்டி வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் நம்பரை அவரிடம் கொடுத்தது அதற்கு இரண்டு வருடம் முன்னால். வெட்கப்பட்டுக்கொண்டு கொடுக்காமல் விட்டிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

7 ஜூலை

நம்பர் எழுதின வளையல் போடலாமா என்று கேட்டீர்கள். என் மகன் பிய்த்துப் போட்டுவிட்டான். சட்டையின் உள்பக்கம் தைத்துவிட்டேன், அதைத் தொடவில்லை. பாப்பாவுக்குப் பாவாடை நாடா ஓரத்தில் தைத்துப் பாருங்கள்.

22 ஜூலை, திங்கள்

இன்று நான்கு அம்மாக்கள் ராஜாஜி சாலைக்குப் போனோம், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள். எர்ணாவூர் மனுதான் முக்கியம். பள்ளியிலிருந்து வாய்மொழியாக “படி இருக்கு, ஆயா இல்ல” என்ற பதில்தான் மூன்று தடவையும்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி பெட்டிக்குள்ளேயே போகிறது. அந்தப் பையன் முதல் தடவையாக யாரும் தூக்காமல் வண்டி ஏறினான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வாசல் வரை அவனை இரண்டு பேர் தூக்கித்தான் வந்தோம். திறந்த சாக்கடை, மண்மேடு, நடைபாதை மேல் வண்டிகள். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, தெருவில்தான் எதுவும் சரியில்லை.

மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். முதலில் “மகன் நல்ல புத்திசாலி, எல்லாம் புரிந்துகொள்வான்” என்று ஒரு வரி போட்டிருந்தார் அந்த அம்மா. நான் எதுவும் சொல்லும் முன்னால் அவரே அடித்துவிட்டார். மீதி இதுதான்: மகனின் வயது 9. வீடு பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர். மூன்று முறை போனோம், தேதிகள் இவை. 2016 சட்டம் 16, 31-வது பிரிவுகளின்படி சேர்க்கை, சாய்தளம், கழிப்பறைக்கு உதவியாளர் வேண்டும். பதிலை எழுத்தில் தர வேண்டும்.

எண் போட்ட ரசீது வாங்கினோம். அந்த ரசீதை வீட்டில் மட்டும் வைக்காதீர்கள், போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள். எங்கள் வீட்டு வெள்ளத்தில் நான் இழந்த தாள்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இத்தனை நாள் நான் தனியாகத்தான் போய் நின்றிருக்கிறேன். தனியாகப் போனால் “உங்க கஷ்டம் புரியுதும்மா” என்பார்கள். நான்கு பேர் போனதும் நாற்காலி போட்டு, எந்தப் பள்ளி, எந்த வார்டு என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

9 ஆகஸ்ட்

கொருக்குப்பேட்டையிலிருந்து செய்தி. டி.சி. பேச்சு போய்விட்டது. ஆனால் பாப்பா இன்னும் வகுப்பைவிட்டு ஓடுகிறாள், ஆசிரியைக்குக் கோபம், என்ன செய்வது?

எப்போது ஓடுகிறாள் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு பீரியட் முடிவிலும். மின்மணி அவர்கள் வகுப்பு ஜன்னலுக்கு மேலேயே இருக்கிறது.

ஆசிரியைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், புகாராக இல்லாமல். மணி அடித்தால் அவளுக்கு வலிக்கும், பின்னாலிருந்து தொடாதீர்கள், ஒரு தடவை சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். என் மகனின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அப்படி ஒரு தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். சட்டம் அவனை வகுப்புக்குள் வைத்தது, அந்த ஆசிரியைதான் அவனைப் படிக்கவைத்தார். நான் இங்கே சட்டத்தையே அதிகம் பேசிவிட்டேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

3 செப்டம்பர்

பாப்பாவின் பள்ளி ஆயா, மணி அடிக்கப் போகும் முன் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கிக் காட்டுகிறாராம். பாப்பா காதைப் பொத்திக்கொள்கிறாள். மணி அடித்து ஓய்ந்ததும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அவள் பெஞ்சில் இருக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து காதைப் பொத்துகிறார்களாம். சட்டத்தில் இதற்குப் பெயர் நியாயமான இணக்க ஏற்பாடு. செலவு ஒரு பைசா இல்லை. யாரும் அந்த ஆயாவிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, ஆசிரியை கடிதத்தைப் படித்துக் காட்டியதைக் கேட்டு அவரே ஆரம்பித்தது.

17 செப்டம்பர்

எர்ணாவூர்ப் பையன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். சாய்தளமும் போட்டுவிட்டார்கள் என்று போட்டோ அனுப்பியிருந்தார் அவன் அம்மா. பார்த்ததும் சந்தோஷம், அப்புறம் சந்தேகம். நேற்று நேரில் போனேன்.

படி ஒவ்வொன்றும் 15 செ.மீ., மூன்றும் சேர்ந்து 45. சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அப்படியானால் 5 மீட்டர் 40 செ.மீ. நீளம் வேண்டும். போட்டிருப்பது இரண்டு மீட்டர். ஏற்றும்போது அம்மா முழு பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது, இறக்கும்போது நாற்காலி அவரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கைப்பிடியும் இல்லை. பையன் அந்த இடம் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறான்.

தலைமை ஆசிரியர் நல்லவிதமாகவே பேசினார், கான்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். அளவைத் தாளில் எழுதி, படம் வரைந்து அவரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. வியாழக்கிழமை காலை 9 மணிக்கு உதவிப் பொறியாளர் பார்க்க வருகிறாராம். திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் முடிந்தால் 8.30-க்கே பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். இன்ச் டேப் நான் கொண்டுவருகிறேன்.